கொஞ்சம் லீவு, நிறைய நாள்

ஆண்டுத் தொடக்கத்தில் அலுவலக விடுமுறைப் பட்டியல் வந்ததும், தேதியை விட்டுவிட்டு முதலில் கிழமையைப் பாருங்கள். சனி, ஞாயிறு வார விடுமுறை உள்ளவர்களுக்கு வியாழக்கிழமை விடுமுறை வந்தால் யோகம்தான். வெள்ளி ஒரு நாள் லீவு போட்டால் சேர்ந்தாற்போல் 4 நாள் கிடைக்கும். செவ்வாய் என்றால் திங்கள். புதன்கிழமைதான் கொஞ்சம் ஏமாற்றும்: 2 நாள் செலவழித்தால் 5 நாள். அதைவிட அந்த வாரம் முழுவதையும் எடுத்துவிடலாம். 4 நாள் லீவில், முன்னும் பின்னும் உள்ள சனி, ஞாயிறோடு 9 நாள் ஆகிவிடும். ஒரே வாரத்தில் இரண்டு விடுமுறை விழுந்தால் 3 நாளே போதும். அந்த வாரத்தின் மேல் எல்லோருக்கும் கண் இருக்கும், உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று. சில நிறுவனங்களில் 'சாண்ட்விச்' விதி உண்டு. வெள்ளியும் திங்களும் லீவு போட்டால், நடுவில் உள்ள சனி, ஞாயிறையும் சேர்த்து 4 நாளாகக் கழித்துவிடுவார்கள் (அநியாயம்தான், விதி அப்படி). எச்.ஆரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மிச்ச லீவு அடுத்த ஆண்டுக்குப் போகுமா, பணமாகக் கிடைக்குமா, காலாவதியாகுமா என்பதையும் கூடவே விசாரித்துவிடுங்கள்.

அப்புறம், வங்கி வேலை, மருத்துவப் பரிசோதனை போன்றவற்றுக்கு முழு நாளைத் தாரை வார்க்காதீர்கள், அரை நாள் போதும். திடீர்க் காய்ச்சலுக்குத் தனி லீவு இல்லாத இடமென்றால், இரண்டு நாளாவது கையிருப்பில் இருக்கட்டும்.