வேலியோரக் காந்தளைக் கண்டுகொள்ள

செங்காந்தளைத் தேடிப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இலையின் நுனியை. பூக்காத நாளிலும் அது கொடியைக் காட்டிக்கொடுத்துவிடும். ஈட்டிபோல நீண்ட இலை நுனியில் நூலாக மெலிந்து, அகப்பட்ட முள்ளையோ குச்சியையோ சுற்றிக்கொள்ளும். காங்கேயம் பக்கம் எங்கள் கொறங்காட்டின், அதாவது மேய்ச்சல் நிலத்தின், கிளுவை வேலியில் ஒரு நுனியை உட்கார்ந்து எண்ணினேன். ஒரே முள்ளில் மூன்று சுற்று! காற்றில் கிளை முழுவதும் ஆடியது. பிடி நெகிழவே இல்லை.

மழை விழுந்து மண் குளிர்ந்ததும் முளை தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் பூவைப் பார்க்கலாம். கார்த்திகைப்பூ என்ற பெயரே அதனால்தான். உயிர்வேலி, முட்புதர், குன்றின் அடிவாரம், காட்டின் விளிம்பு ஆகிய இடங்களில் தேடுங்கள். வேதாரண்யம் பக்கத்து மணலிலும் வளர்கிறது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் தேட வேண்டாம், அங்கே கிழங்கு அழுகிவிடும். அடி புதர் நிழலிலும் தலை வெயிலிலும் இருக்கிற இடமே அதற்குப் பிடித்த இடம்.

பூவைக் கண்டதும் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். மறுநாளும் அதே கொடிக்கு வாருங்கள். மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் விளிம்பு நெளிய மேல்நோக்கி மடங்கும். முதலில் மஞ்சள், பிறகு நுனியிலிருந்து செம்மை இறங்கும், கடைசியில் முழுச் சிவப்பு. பூவின் நடுவிலுள்ள சூலகத்திலிருந்து கிளம்பும் சூல்தண்டு அடியிலேயே செங்கோணத்தில் திரும்பிப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஓர் அடையாளம் போதும், வேறெந்தப் பூவோடும் குழம்பாது. சங்கப் புலவர்கள் இதைப் பெண்களின் விரலுக்கு ஒப்பிட்டார்கள். இதழ் மடங்கும் பக்குவத்தில் பார்த்தால் அவர்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று புரியும்.

கையால் பிய்க்காதீர்கள், குழந்தைகளைத் தொடவும் விடாதீர்கள். செடி முழுவதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் மிகுதி. உண்ணும் கிழங்கென்று நினைத்துத் தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள்.

கிழங்கைத் தோண்டவே கூடாது. கலப்பைபோல இரண்டாகக் கவைத்திருப்பதால் கலப்பைக்கிழங்கு என்கிறோம். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான் உண்டு. அது ஒடிந்தால் அந்தக் கவை முளைக்காது. நான்கு ஆண்டுக்கு முன் எங்கள் வேலியின் மிகப் பெரிய கொடியை யாரோ கடப்பாரை போட்டுப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மாநில மலர் என்று பெருமை பேசுகிற ஊரில் அந்தக் குழியைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

வளர்க்க ஆசையிருந்தால் விதை எடுங்கள். காய் முற்றி வெடித்துச் செந்நிற விதை தெரியும்போது சிலவற்றை மட்டும் எடுத்து, மிச்சத்தைக் கொடியிலேயே விடுங்கள். மழைக்கு முன் வேலியடியில் மேலாக மண் மூடிப் புதைத்தால் போதும். பூவுக்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பெயர்த்த குழியின் ஓரத்தில் நான் புதைத்ததில் இரண்டு பிழைத்திருக்கின்றன. இந்த மழைக்கு ஒன்று கிளுவை முள்ளை எட்டிப் பிடித்துவிட்டது.