ஆதியாகமத்தின் ஆண்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது எப்படி?

பூமிக்கு வயது ஆறாயிரம் என்று வேதாகமத்தில் எந்த வசனமும் சொல்லவில்லை. அது வம்ச வரலாறுகளைக் கூட்டிப் பெற்ற விடை. அந்தக் கூட்டலைக் கைப்பட ஒருமுறை போட்டுப் பாருங்கள். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்பது அப்போதுதான் பிடிபடும்.

ஆதியாகமம் 5-இல் மகன் பிறந்தபோது தகப்பனுக்கு இருந்த வயதை மட்டும் எழுதுங்கள்: ஆதாம் 130, சேத் 105, ஏனோஸ் 90, கேனான் 70, மகலாலெயேல் 65, யாரேத் 162, ஏனோக்கு 65, மெத்தூசலா 187, லாமேக்கு 182. ஜலப்பிரளயத்தின்போது நோவாவுக்கு 600. ஆதாம் முதல் பிரளயம் வரை மொத்தம் 1656. முழு ஆயுளைக் கூட்டிவிடாதீர்கள்; தகப்பனும் மகனும் சேர்ந்து வாழ்ந்த வருஷங்கள் இரண்டு தடவை விழுந்துவிடும். சரிபார்க்க ஒரு வழி உண்டு. ஆதாமிலிருந்து எண்ணினால் மெத்தூசலா பிறந்தது 687-ஆம் வருஷத்தில், ஆயுள் 969. கூட்டினால் அதே 1656, பிரளய வருஷம்.

இதே சோதனையைச் செப்துவஜிந்த் என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் செய்தால் சிக்கல் வரும். அதன் பல பிரதிகளில் பிரளயம் 2242-இல் வருகிறது. மெத்தூசலாவோ அதற்குப் பின்னும் 14 வருஷம் உயிரோடிருக்கிறார்! சமாரியர் சமூகத்தார் காத்துவந்த எபிரெயப் பிரதியில் பிரளயம் 1307. எந்தப் பிரதியின் எண்கள் என்று தாளின் தலையிலேயே குறித்துவிடுங்கள்.

11-ஆம் அதிகாரத்தில் பிரளயத்திலிருந்து ஆபிராம் வரை 292 வருஷம். இதில் ஆபிராம் பிறந்தபோது தகப்பன் தேராகுக்கு 70 வயது என்பது உறுதியானதல்ல. அதைச் சொல்லும் 11:26 மூன்று மகன்களையும் சேர்த்தே சொல்கிறது. தேராகு 205-இல் இறந்தார். அதன் பிறகே ஆபிராம் ஆரான் என்னும் ஊரை விட்டார் என்கிறது அப்போஸ்தலர் 7:4. அப்போது ஆபிராமுக்கு வயது 75. 205-இல் கழித்தால், அவர் பிறந்தபோது தேராகுக்கு 130. இந்த 60 வருஷத்தைச் சேர்த்துத்தான் 17-ஆம் நூற்றாண்டு அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர், சிருஷ்டிப்பு கி.மு. 4004 என்ற கணக்குக்கு வந்தார். யூத நாட்காட்டி 70-ஐயே வைத்துக்கொண்டு கி.மு. 3761 என்கிறது; மீதி வித்தியாசத்தில் பெரும்பகுதி, யூத மரபு பாரசீகர் காலத்தைக் குறுக்கி எண்ணுவதால் வருவது.

தலைமுறைகள் விடுபட்டிருக்கலாம் என்பவர்கள் மத்தேயு 1:8-ஐக் காட்டுவார்கள். அங்கே இயேசுவின் வம்சப் பட்டியலில் யூதாவின் ராஜாக்களான அகசியா, யோவாஸ், அமத்சியா மூவரும் இல்லை. ஆனால் மத்தேயு வயதே தரவில்லை, ஆதியாகமம் தருகிறது. ஆகையால் அந்தச் சான்றை இங்கே அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்.

இவ்வளவு கூட்டியும் நாம் எட்டியது ஆதாமைத்தான். பூமியின் வயது முதல் அதிகாரத்தின் நாட்களைப் பொறுத்தது. அதைத் தனித் தாளில் வையுங்கள். 24 மணி நேர நாள் என்பதற்கு "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற தொடரும் யாத்திராகமம் 20:11-ம் ஆதாரம். நீண்ட காலம் என்பதற்கு, சூரியன் நாலாம் நாளில் வருவதும், ஏழாம் நாளுக்கு அந்தத் தொடர் இல்லாததும், 2:4 சிருஷ்டிப்பு முழுவதையும் ஒரே நாளாகப் பேசுவதும். இரண்டு பட்டியலையும் முழுசாக எழுதாமல் முடிவுக்குப் போகாதீர்கள்.

2 பேதுரு 3:8-ஐ வாய்ப்பாடாக எடுத்து ஒரு நாளை ஆயிரம் வருஷமாகப் பெருக்குவது வீண். ஆறு நாளுக்கு ஆறாயிரம்தான் கிடைக்கும். விண்கற்களின் ஈயத்தை அளந்து அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பேட்டர்சன் 1956-இல் பூமியின் வயதாகச் சொன்ன சுமார் 455 கோடி வருஷத்துக்கு அது அருகில்கூட வராது. அந்த வசனம் கர்த்தரின் நீடிய பொறுமையைப் பற்றியது. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள்.