சிறிய காரின் பின்னால் பைக்: ஹிட்ச் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்

அமெரிக்காவில் சிறிய காரின் ஹிட்ச்சில் (டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் பொருத்தும் இணைப்பு) தாங்கி பொருத்தி மோட்டார் சைக்கிளை ஏற்ற நினைப்பவர்கள், இழுவைத் திறனைப் பார்க்காமல், ஹிட்ச்சின் மீது செங்குத்தாக அழுத்தக்கூடிய எடையின் வரம்பை முதலில் பார்க்க வேண்டும். அது போதாவிட்டால் சிறிய டிரெய்லரை இழுப்பதே பாதுகாப்பானது.

சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் வகை (Class I) ஹிட்ச் 2,000 பவுண்டு வரை இழுக்கும் என்றாலும், அதன் மீது அழுத்தக்கூடிய எடை வழக்கமாக 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ மட்டுமே. தாங்கியில் வைத்த பைக்கின் முழு எடையும், தாங்கியின் எடையும் அந்த 200 பவுண்டுக்குள் அடங்க வேண்டும்; சாதாரண 250 சிசி பைக்கே தனியாக அதைத் தாண்டிவிடும். பின் அச்சுக்கு வெளியே தொங்கும் சுமை நெம்புகோல் போல முன்பக்கத்தைத் தூக்குவதால், முன்சக்கர இயக்கமுள்ள காரில் திருப்பும் பிடியும் பிரேக்கும் தளரும், மேடுபள்ளங்களில் அழுத்தம் இன்னும் பெருகும். டிரெய்லரிலோ மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடுதான் ஹிட்ச்சில் இறங்குகிறது: 300 பவுண்டு டிரெய்லரில் 400 பவுண்டு பைக்கை ஏற்றினாலும் 70 முதல் 105 பவுண்டுதான்.

காரின் கையேடே இழுவை கூடாது என்று சொன்னால் டிரெய்லரும் உதவாது. சிறுவர்களுக்கான 50 சிசி பைக் மட்டும் என்றால், காரின் வரம்பும் இடம் கொடுக்கும்போது, தாங்கியே போதும். ஆனால் ஹிட்ச்சின் துளை அளவை மாற்றும் அடாப்டர் போட்டால் வரம்பு உயராது, பெரும்பாலும் குறையவே செய்யும்.