நாற்பத்தாறு வயதில் மாவு அரைக்கப் போனேன்

2019-இல், திருப்பூரில் நான் கணக்கு எழுதிவந்த பனியன் கம்பெனியை மூடிவிட்டார்கள். எனக்கு அப்போது 46 வயது. மூன்று மாதம் இஸ்திரி போட்ட சட்டையோடு வேலை கேட்டு அலைந்தேன். வயதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பயோடேட்டாவை வாங்கிக் கவிழ்த்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

"பேசாமல் மாவு அரைத்து விற்கலாங்க" என்றாள் மனைவி. கௌரவம் தடுத்தது. வாடகை நாள் நெருங்கியதும் கௌரவம் ஒதுங்கிக்கொண்டது. கோயம்புத்தூர் கிரைண்டர் ஒன்று வாங்கினோம். சிறு வியாபாரிக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும்; கட்டணம் அப்போது ஆண்டுக்கு 100 ரூபாய்தான்.

முதல் வாரமே அடி. கடையில் வைத்த பாக்கெட்டுகள் மதியத்துக்குள் பலூனாக உப்பின. இரண்டு வெடித்து, அலமாரி முழுக்கப் புளித்த வாடை. உளுந்தின் மீது பழி போட்டேன், பாவம். தப்பு என்னுடையது: பொங்கிய மாவையே அடைத்துக் கொடுத்திருந்தேன். பிறகு குளிர்ந்த நீர் தெளித்து அரைத்து, உப்புப் போடாமல், கரண்டியால் கலந்து, அரைத்த கையோடு ஃபிரிட்ஜில் வைத்தேன். கடைக்காரரையும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னேன். உப்புப் போடுவதும் பொங்க வைப்பதும் வாங்குபவர் வீட்டில் நடக்கட்டும். அதோடு வெடிப்பு நின்றது.

இப்போது நாளுக்கு 60 கிலோ போகிறது. மாவுக் கணக்கையும் பற்று, வரவு என்று கோடு கிழித்துத்தான் எழுதுகிறேன். மனைவி சிரிக்கிறாள்.