மொறிஸ் மைனர் வைப்பர்: மோட்டரைக் கழற்றுவதற்கு முன்

"மாமா, வைப்பர் மோட்டர் போய்விட்டது. உள்ளே இருக்கும் சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுத்துவிட்டேன்" என்று தங்கையின் மகன் தொலைபேசியில் சொன்னான். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. யாழ்ப்பாணத்து மாரி தொடங்கும் முன் அவன் ஆசையாக வாங்கிய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் அது. இதே மடைத்தனத்தை நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன். ரப்பர் தேய்ந்ததா, சுவிட்ச் போட்டீர்களா என்றெல்லாம் இங்கே கேட்கப்போவதில்லை. வைப்பர் நின்றால் நாம் விடும் பிழைகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மோட்டர்தான் குற்றவாளி என்று தீர்ப்பெழுதுவது

இந்தக் காரில் மோட்டர் வைப்பரை நேரடியாக ஆட்டுவதில்லை. ஒரு குழாய்க்குள் முன்னும் பின்னும் ஓடும் றாக் கேபிளைத்தான் அது தள்ளி இழுக்கிறது. கேபிளின் மேல் சுருளாகச் சுற்றிய கம்பியே பற்களாக நின்று, இரண்டு வைப்பர் தண்டுகளின் அடியிலுள்ள பற்சக்கரங்களைத் திருப்புகிறது. குழாய்க்குள் இருக்கும் கிறீஸுக்கு அறுபது வயது என்றால் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஒரு கார்த்திகை இரவு, ஆனையிறவில் என் வைப்பர் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுவிட்டது. பரந்தன் வரை தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டினேன். அடுத்த நாள் மோட்டரைச் சுற்றக் கொடுத்தேன். மூன்று கிழமை ஓடியது. பிறகு கருகிய மணம். சுற்றியவரோடு போய்ச் சண்டை பிடித்தேன். பாவம், அவர் இன்னொரு தடவை பாதி விலைக்குச் சுற்றித் தந்தார். அதுவும் கருகியது. அதன் பிறகுதான் கேபிளை இழுத்துப் பார்க்கும் புத்தி வந்தது. காலை உதைத்து இழுத்தும் அசையவில்லை. கடைசியில் வெளியே வந்த கிறீஸ் பனங்கட்டி போல இருந்தது. சுமை கூடினால் மோட்டர் மெதுவாகும், பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும், சூடாகிக் கருகும். அந்த மனிதரிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது கடை பூட்டிக் கிடந்தது.

ஆகவே முதலில் கேபிளைக் கழற்றிவிட்டு மோட்டரைத் தனியே ஓடவிடுங்கள். விறுவிறுவென்று ஓடினால் அதைத் தொடாதீர்கள். அடுத்து, வைப்பர் கைகளைக் கழற்றிவிட்டு, கேபிள் முனையில் மீன் நிறுக்கும் வில் தராசைக் கொழுவி இழுங்கள். இந்தக் காரின் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் பழைய மோட்டர்களுக்கான கையேடுகள், கேபிளை அசைக்கத் தேவைப்படும் இழுவைக்குத் தரும் உச்ச அளவு 6 இறாத்தல், அதாவது 2.7 கிலோ. என்னுடையது எட்டுக் கிலோவுக்கும் அசையாமல் கிடந்தது.

குழாயையும் கேபிளையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். யுத்தக் காலத்தில் இந்தக் கார்கள் ஓடியதே மண்ணெண்ணெயில்தான். கழுவுவதற்கு அது ஒன்றும் குறைந்துவிடாது. புதுக் கிறீஸ் பூசிப் பூட்டும்போது பற்சக்கரங்களை அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். தேய்ந்திருப்பது ஒரு பக்கம் மட்டும்தான். மறுபக்கம் புதிதாகவே இருக்கும்.

ஸ்பிரே அடிப்பது

குழாய்க்குள் துரு இளக்கும் ஸ்பிரே அடித்தால் இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள், மிச்சமிருந்த கிறீஸையும் அது கரைத்துக்கொண்டு போயிருக்கும்.

எர்த்தை மறப்பது

எர்த் என்பது மின்சாரம் காரின் உடம்பு வழியாகப் பற்றறிக்குத் திரும்பும் இணைப்பு. பெயின்ற் அதை மறைத்துவிடும். காருக்குப் புதுப் பெயின்ற் அடித்த பிறகு வைப்பர் சோம்பினால், மோட்டரின் எர்த் முனையிலிருந்து பற்றறியின் எர்த் முனைக்குத் தனி வயர் ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். மைனரில் எர்த் என்பது நேர் முனை. இன்றைய கார்களில் பழகிய கை தவறான முனையைத்தான் தேடும். பற்றறி முனைகளை மாற்றிக் கட்டியதால் வைப்பர் கெட்டது என்ற கதையையும் நம்பவேண்டாம். நிலைக் காந்தத்துக்குப் பதிலாகச் சுருள் சுற்றிய அந்தப் பழைய மோட்டர் எப்படிக் கட்டினாலும் ஒரே திசையில்தான் சுழலும்.

பழைய பியூஸில் 35 என்று எழுதியிருப்பதைப் பார்த்து பியூஸ் வாங்குவது

லூகாஸின் 35 அம்பியர் என்பது பியூஸ் எரியும் அளவு. தொடர்ந்து தாங்குவது அதில் ஏறத்தாழப் பாதிதான். கடையில் கிடைக்கும் புது 35 அம்பியர் பியூஸ் 35ஐயும் தாங்கிக்கொண்டு நிற்கும், வயர்தான் எரியும்.

நின்ற வைப்பரைக் கையால் தள்ளுவது

பல் உடையும். தள்ளாதீர்கள்.