சேகரிப்புப் பொம்மை உடைந்து வந்தால்: பசையைத் தேடுவதற்கு முன்

ஆசையாகத் தேடிப் பிடித்து இணையத்தில் வாங்கிய பொம்மை உடைந்து வந்தால் பலர் செய்யும் முதல் காரியம், வீட்டில் சூப்பர் க்ளூ இருக்கிறதா என்று பார்ப்பதுதான். அடுத்தது, விற்றவருக்குச் சூடாக ஒரு செய்தி அனுப்புவது. நடுவில் எப்போதோ, இறைந்து கிடக்கும் அட்டைப்பெட்டியும் பபிள் ரேப்பும் குப்பைக்குப் போய்விடும். பொம்மை உடைந்ததற்கு வாங்கியவர் பொறுப்பில்லை. ஆனால் பணம் திரும்ப வருமா வராதா என்பது, அதன்பின் அவர் செய்யும் காரியங்களைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பார்சலைப் பிரிக்கும்போது

பெட்டி நசுங்கியிருப்பது வாசலிலேயே தெரிந்தால் அங்கேயே ஒரு படம் எடுத்துவிடுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துக் கேட்டால், ‘பெட்டி சேதம்’ என்று இரண்டு வார்த்தை எழுத இடமிருக்கிறதா என்று பாருங்கள். கொண்டுவந்து கொடுப்பவரோடு வாதாடிப் பயனில்லை. அவருக்கு நிற்க நேரமும் இருக்காது, உடைத்தது அவர்தான் என்று சொல்லவும் முடியாது.

பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். சரிதான். ஆனால் டேப்பை வெட்டி முடித்த பிறகு தொடங்கும் வீடியோவாலும், நடுவில் நின்று மறுபடி தொடங்கும் வீடியோவாலும் பெரிய பயன் கிடையாது. போனை எதன்மேலாவது சாய்த்து வையுங்கள். முகவரிச் சீட்டையும் பெட்டியின் ஆறு பக்கங்களையும் காட்டிவிட்டு, டேப் வெட்டுவதிலிருந்து பொம்மை வெளியே வரும்வரை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கத்தியை ஆழமாக இறக்க வேண்டாம். பல பார்சல்களில் பொம்மையின் சொந்தப் பெட்டி டேப்புக்கு ஒட்டினாற்போல இருக்கும். அதில் ஒரு கத்திக் கீறல் விழுந்தால், மற்ற சேதமும் உங்கள் வேலைதான் என்று எதிராளி சொல்ல வழி கிடைத்துவிடும்.

வீடியோ எடுக்கவில்லையா? பரவாயில்லை, நல்ல படங்களே பெரும்பாலும் போதும். பேக்கிங்கைத் தூக்கிப் போட்டதுதான் பெரிய நஷ்டம். இழப்பீடு கேட்டால் கூரியர் நிறுவனங்கள் வெளிப்பெட்டியையும் உள்ளே வைத்திருந்த திணிப்பையும் பார்க்கக் கேட்பது வழக்கம். விஷயம் முடிந்து பணம் கைக்கு வரும்வரை எல்லாவற்றையும் ஒரு மூலையில் வைத்திருங்கள். வீட்டில் இருப்பவர்கள் சுத்தம் செய்யக் கிளம்பினால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எதைப் படம் எடுப்பது

உடைந்த இடத்தை மட்டும் பக்கத்தில் போய் நான்கு படம் எடுத்துவிட்டு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தப் படங்களைப் பார்ப்பவருக்கு அது எந்தப் பொம்மை, எந்தப் பார்சலில் வந்தது என்று தெரியாது. முழு பொம்மை, உடைந்த இடம், உடைந்து விழுந்த துண்டு, அது பெட்டிக்குள் கிடந்த இடம், வெளிப்பெட்டி, முகவரிச் சீட்டு எல்லாம் வேண்டும்.

இதில் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கைகால் அசையும் ஆக்‌ஷன் ஃபிகர் ஒன்றின் கை கழன்று வந்திருக்கிறது என்று வையுங்கள். மணிக்கட்டைக் கையோடு சேர்க்கும் சின்ன முளை முறிந்திருக்கும். முளையின் முறிந்த பாதி கைக்குழிக்குள் அல்லது பெட்டியின் அடியில் கிடந்தால், உடைப்பு வழியில் நடந்தது என்று நம்ப இடமிருக்கிறது. எங்கே தேடியும் அந்தத் துண்டு இல்லையென்றால், அது பெட்டிக்குள் போவதற்கு முன்பே உடைந்திருக்கலாம். முறிந்த முகத்தையும் பாருங்கள். ஏபிஎஸ் பிளாஸ்டிக் வளைந்து முறிந்தால் அந்த ஓரம் வெளுத்துப்போகும். புது முறிவு சுத்தமாக இருக்கும். பழைய முறிவின் இடுக்கில் தூசியோ பழைய பசையின் மஞ்சள் தடமோ இருக்கும். அதனால் துண்டுகளைத் துடைக்கவோ கழுவவோ வேண்டாம். தம்மாத்துண்டு சில்லைக்கூட ஒரு ஜிப் கவரில் போட்டு வையுங்கள்.

வெளிப்பெட்டி சிதையாமல் உள்ளே மட்டும் பொம்மை உடைந்திருந்தால், அநேகமாகத் திணிப்பு போதாமல் பொம்மை உள்ளே ஆடியிருக்கிறது. மூலை நசுங்கி அதற்கு நேர்கீழே பொம்மையும் உடைந்திருந்தால் பார்சல் எங்கோ விழுந்திருக்கிறது. தவறு பேக்கிங்கிலா போக்குவரத்திலா என்பது விற்றவரும் கூரியரும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. அதை நீங்கள் தீர்ப்பு சொல்லி முடிக்கத் தேவையில்லை.

வழியில் உடையாததையும் வழியில் உடைந்தது என்பது

கொஞ்சம் சங்கடமான விஷயம், ஆனாலும் சொல்ல வேண்டும். உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்த பழைய டை-காஸ்ட் பொம்மைக் கார்களில் உலோகம் வலைபோல விரிசல் விட்டு, வீங்கி, தொட்டால் உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். சேகரிப்பாளர்கள் இதை ஜிங்க் பெஸ்ட் என்பார்கள். துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அசுத்தம் கலந்துவிட்டால் பல ஆண்டுகள் கழித்து உலோகம் உள்ளிருந்தே சிதையத் தொடங்கும். 1930களின் டின்கி நிறுவனப் பொம்மைக் கார்களில் இது பேர்போன நோய். குலுங்கியதில் துண்டு உதிர்ந்திருக்கலாம், ஆனால் நோய் விற்பதற்கு முன்பே இருந்தது. அப்போது ‘வழியில் உடைந்தது’ என்று புகார் செய்தால் கூரியர் தலையில் போட்டுவிட்டு விற்றவர் தப்பித்துக்கொள்வார். ‘விளம்பரத்தில் சொன்ன நிலையில் பொருள் இல்லை’ என்பதுதான் சரியான புகார்.

பிவிசி என்ற பிளாஸ்டிக்கில் செய்த உருவங்கள் வேறு கதை. வெயிலில் நின்ற வண்டியிலோ சூடான கிடங்கிலோ கிடந்தால் கணுக்கால் மடங்கிச் சாய்ந்து வரும். இதைப் பல சமயம் சரிசெய்துவிடலாம். மேற்பரப்பு பிசுபிசுவென்று இருந்தால் பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்த்த பொருள் வெளியே கசிகிறது என்று அர்த்தம், அடி பட்டதால் வருவதில்லை. விற்றவர் தளத்தில் போட்ட விற்பனைப் பட்டியலில் இருந்த படங்களோடு ஒவ்வொரு இடமாக ஒப்பிட்டுப் பாருங்கள். விற்றவர் போட்ட படத்திலேயே அந்தக் கீறல் தெரிந்தால் அதைப் புகாரில் சேர்க்க வேண்டாம். ஒரு பொய்யான வரி மற்ற உண்மையான வரிகளையும் சந்தேகப்பட வைக்கும். பட்டியல் பக்கத்தை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதும் நல்லது, அப்புறம் அது காணாமல் போகலாம்.

யாரிடம், எப்படிச் சொல்வது

முதலில் கூரியரைக் கூப்பிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பது வீண் வேலை. பார்சலுக்குக் காசு கட்டி ஒப்பந்தம் போட்டவர் அனுப்பியவர். கோரிக்கை வைக்க வேண்டியவரும் பெரும்பாலும் அவரே. நீங்கள் பேச வேண்டியது விற்றவரிடம், அதுவும் வாங்கிய தளத்தின் செய்திப் பெட்டி வழியாக மட்டும். ‘வாட்ஸ்அப்பில் வாங்க, பேசித் தீர்த்துக்கலாம்’ என்று அவர் அன்பாகக் கூப்பிட்டாலும் போகாதீர்கள். தளத்துக்கு வெளியே கொடுத்த வாக்குறுதியைத் தளம் கணக்கில் எடுக்கும் என்று நம்ப முடியாது.

செய்தி சுருக்கமாக இருக்கட்டும்: ‘இன்று பார்சல் வந்தது. வலது மணிக்கட்டின் முளை முறிந்திருக்கிறது, பெட்டியின் முன்பக்கப் பிளாஸ்டிக் பிதுங்கியிருக்கிறது. படங்கள் இணைத்திருக்கிறேன். பேக்கிங்கை அப்படியே வைத்திருக்கிறேன். பொம்மையைத் திருப்பி அனுப்பி முழுப் பணத்தையும் பெற விரும்புகிறேன். எப்படிச் செய்யலாம் என்று சொல்லுங்கள்.’ இவ்வளவு போதும். என்ன வேண்டும் என்பதைச் சொல்லாமல் வருத்தத்தை மட்டும் மூன்று பத்தி எழுதினால், ‘மன்னிக்கவும்’ என்று ஒரு பதில் வரும், அதோடு சரி.

‘பணம் தராவிட்டால் மோசமாக ரேட்டிங் போடுவேன்’ என்று மட்டும் எழுதவே எழுதாதீர்கள். ஈபே போன்ற தளங்களில் ரேட்டிங்கைக் காட்டி மிரட்டுவது விதிமீறல். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது குற்றச்சாட்டு உங்கள் மேல் திரும்பும். ரேட்டிங் எங்கேயும் ஓடிப்போகாது, எல்லாம் முடிந்த பிறகு நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

நாள் கடத்துவது

விற்பவர்களில் நல்லவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். பலர் தாங்களே சேகரிப்பாளர்கள். உடைந்த படத்தைப் பார்த்தால் அவர்களுக்கும் வயிறு எரியும். ஆனால் ‘அடுத்த சரக்கு வரட்டும், வேறு அனுப்புகிறேன்’, ‘கூரியர் பதில் சொல்லட்டும்’ என்று வாரக்கணக்கில் இழுப்பவர்களும் உண்டு. உள்நோக்கம் இருக்கிறதோ இல்லையோ, உங்கள் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும். ஈபேயில் பொருள் வந்ததிலிருந்து 30 நாட்களுக்குள் புகாரைப் பதிய வேண்டும். பணம் செலுத்தும் சேவையான பேபாலில் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்கள். அங்கே பிரச்சினையைப் பதிந்த பிறகு, 20 நாட்களுக்குள் அதை முறையான கோரிக்கையாக மேலே கொண்டுபோகாவிட்டால் தானாக மூடிவிடும். மூடியதை மறுபடி திறக்க முடியாது. அதனால் ‘புகாரை மூடுங்கள், உடனே பணம் போடுகிறேன்’ என்ற பேச்சை நம்பி முதலில் மூடக்கூடாது. பணம் கணக்கில் ஏறட்டும், பிறகு மூடலாம்.

கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கும் வழியும் உண்டு. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் ஒன்று, வங்கியில் ஒன்று என்று ஒரே நேரத்தில் இரண்டு புகார் கொடுத்தால் ஒன்று மற்றொன்றை நிறுத்திவிடலாம். கட்டணத்தை மிச்சம் பிடிக்க பேபாலின் நண்பர்கள்-குடும்பத்தினர் முறையில் பணம் அனுப்பியிருந்தால் அங்கே பாதுகாப்பு எதுவும் கிடையாது. அந்தத் தவறு வாங்கும்போதே நடந்துவிட்டது. விற்றவரின் நல்ல மனசை நம்பிப் பேசிப் பார்க்க வேண்டியதுதான்.

பாதிப் பணத்துக்குத் தலையாட்டுவது

‘பொம்மையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறேன்’ என்ற பேச்சு கேட்க இனிமையாக இருக்கும். திருப்பி அனுப்பும் அலைச்சல் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும் என்பதை மறக்கக்கூடாது. நான் இதற்கு ஒரே ஒரு கேள்விதான் வைத்திருக்கிறேன்: இதே உடைந்த நிலையில், கழிவு போக மிஞ்சும் விலைக்கு இந்தப் பொம்மை விற்பனைக்கு வந்திருந்தால் வாங்கியிருப்பீர்களா? ஆம் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

இந்தக் கணக்கில் பெட்டியைச் சேர்க்க மறப்பவர்கள் ஏராளம். பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லையே, அட்டைதானே மடங்கியிருக்கிறது என்று விற்றவர் சொல்லலாம். பிரித்து அலமாரியில் நிறுத்துபவருக்கு அது சரி. ஆனால் பின்னால் இருக்கும் அட்டையோடு சேர்த்துச் சேகரிக்கப்படும் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் போன்றவற்றில் அட்டையின் மூலை மடங்காமல் இருப்பதும், பொம்மையை மூடியிருக்கும் ப்ளிஸ்டர் என்ற பிளாஸ்டிக் கூடு விரிசல் இல்லாமல் ஒட்டியிருப்பதும் விலையின் பெரும்பகுதி. தரம் பார்த்து மதிப்பெண் கொடுக்கும் நிறுவனங்களும் பெட்டி, ப்ளிஸ்டர், பொம்மை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்கின்றன. ‘பெட்டி முக்கியம்’ என்று வாங்கும் முன்பே விற்றவருக்கு எழுதியிருந்தால் இப்போது அந்தச் செய்தி கை கொடுக்கும்.

திருப்பி அனுப்பும்போது இன்னொரு முறை உடைப்பது

சேதமான பொம்மைதானே என்று ஏனோதானோவென்று கட்டி அனுப்பினால், அங்கே போய்ச் சேரும்போது இன்னும் நான்கு இடத்தில் உடைந்திருக்கும். பிறகு எது எப்போது உடைந்தது என்ற சண்டை வரும். கட்டுவதற்கு முன் மறுபடி படம் எடுங்கள். வர்ணம் பூசிய அல்லது வினைல் பொம்மை மேல் பபிள் ரேப்பை நேரடியாகச் சுற்ற வேண்டாம், சூட்டில் குமிழ்களின் வட்டத் தடம் பதிந்துவிடும். செய்தித்தாளின் மை ஒட்டும். மெல்லிய வெள்ளைத் தாளில் சுற்றி, அதன்மேல் பபிள் ரேப், பிறகு சின்னப் பெட்டி, அதைச் சுற்றி நாலு பக்கமும் திணிப்போடு பெரிய பெட்டி. மூடியபின் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது. ட்ராக்கிங் எண் இல்லாமல் அனுப்பவே கூடாது. அனுப்பும் செலவை யார் ஏற்பது என்று தெரியாமல் நீங்களாகக் கட்டிவிட்டுப் பிறகு கேட்பதும் வேண்டாம்.

கடைசியாகப் பசை

பணப் பிரச்சினை தீர்ந்து, பொம்மை உங்களிடமே இருப்பது உறுதியான பிறகுதான் ரிப்பேர். சூப்பர் க்ளூவை அவசரத்தில் அழுத்திப் பிதுக்கினால் அதன் ஆவி சுற்றியுள்ள இடத்தில் வெள்ளைப் படலமாகப் படியும். கார் கண்ணாடி, ஹெல்மெட் முகப்பு போன்ற ஒளி ஊடுருவும் பாகங்களில் இது கோரமாகத் தெரியும். பாலிஎதிலீன், பாலிபுரொப்பிலீன் வகைத் துணைப் பாகங்களில் சாதாரணப் பசை பிடிக்கவே பிடிக்காது. வழிந்த பசையைத் துடைக்க நெயில் பாலிஷ் ரிமூவரை எடுக்காதீர்கள்: அதில் அசிட்டோன் இருந்தால் ஏபிஎஸ், பாலிஸ்டைரீன் இரண்டையும் கரைத்து முகத்தையே வழித்துவிடும். பாரம் தாங்கும் மூட்டு முறிந்திருந்தால் வெறும் பசை நிற்காது. இரு பக்கமும் நுண்ணிய துளையிட்டு ஒரு கம்பித் துண்டைச் செருகி ஒட்டுவதே நிலைக்கும். சாய்ந்த பிவிசி காலுக்குப் பசையே தேவையில்லை. சூடான, ஆனால் கொதிக்காத நீரில் கொஞ்ச நேரம் வைத்து, மெதுவாக நேராக்கி, அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரில் முக்கினால் போதும்.

கிழிந்த அட்டைக்கு மட்டும் செல்லோ டேப் போடாதீர்கள். சில ஆண்டுகளில் மஞ்சளாகி, உரித்தால் அச்சையும் சேர்த்துக் கொண்டுபோகும். பின்னாளில் இதை விற்க நினைத்தால் ஒட்டிய இடத்தின் படத்தையும் பட்டியலில் போடுங்கள். பல பசைகள் புற ஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும், அனுபவமுள்ள சேகரிப்பாளரிடம் அந்த விளக்கு இருக்கும்.