ஆப்பிரிக்க சிக்லிட் தொட்டி: எந்த மீனோடு எந்த மீனை விடலாம்?

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் தன் தொட்டியின் படத்தை அனுப்பி, "காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்), இதுல எது எதை அடிக்குதுன்னே தெரியல, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். நாலடித் தொட்டி. உள்ளே ஆரட்டஸ், கென்யி, எல்லோ லேப் என்று மூன்று வகை ஆப்பிரிக்க சிக்லிட், இரண்டு ஏஞ்சல், போதாக்குறைக்கு ஓர் ஆஸ்கர். எது எதை அடிக்காமல் இருக்கிறது என்று கேட்டிருந்தால் பதில் சுருக்கமாக முடிந்திருக்கும். சிக்லிட் என்பது இடத்தைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிற ஒரு மீன் குடும்பம். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். ஃபில்டரை ஓடவிட்டு, மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியாவைப் பிடிக்க வைப்பது வரைக்கும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

கடையில் போய் "இதோட விட சாதுவான மீனா கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். சாதுவான மீன் இந்தத் தொட்டியில் அடி வாங்கியே செத்துப்போகும். ஒரே தண்ணீரில் வாழ்ந்து, ஒரே தீனியைத் தின்று, ஆனால் பார்க்க ஒன்றைப் போல் ஒன்று இல்லாத மீன்கள்தான் நமக்கு வேண்டும். இந்த மூன்றில் கடைசியைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை.

படி 1: தண்ணீர்

கடைகளில் "ஆப்பிரிக்கன்" என்று விற்பதில் பெரும்பாலானவை மலாவி ஏரி மீன்கள். அங்கே தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை இருக்கும். "நம்ம ஊர்க் கிணத்துத் தண்ணி கடினம்தானே, சிக்லிட்டுக்கு அதுவே போதும்" என்று ராமநாதபுரம் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் சரி. மலாவி நன்னீர் ஏரி. தண்ணீரில் காரத்தன்மை உண்டு, கரிப்பு கிடையாது. டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்பையும் மொத்தமாகக் கூட்டி ஓர் எண்ணைக் காட்டும். அதில் சுண்ணாம்பு எவ்வளவு, கடல் உப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. ஒரே தெருவில் ஒரு வீட்டுக் கிணறு நல்ல தண்ணீராகவும் அடுத்த வீட்டுக் கிணறு உவராகவும் இருக்கிற ஊர் நம்முடையது. அதனால் பக்கத்து வீட்டுக் கணக்கை நம்பாதீர்கள். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் வேண்டாம்.

பொதுக் கடினத்தன்மை, கார்பனேட் கடினத்தன்மை இரண்டையும் தனித்தனியாகக் காட்டும் சொட்டு மருந்து கிட் வாங்குங்கள். காகிதப் பட்டை கிட் வேண்டவே வேண்டாம். டப்பாவைத் திறந்த பிறகு நம் கடற்காற்றின் ஈரத்தில் அது சீக்கிரம் கெட்டுப்போய் வாய்க்கு வந்ததைச் சொல்லும். குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறவர்கள் முதலில் குளோரினை முறியுங்கள், சோடியம் தயோசல்பேட் சொட்டு போதும். கார்பனேட் குறைவாக இருந்தால் சுண்ணாம்புக்கல் துண்டுகளை வலைப் பையில் கட்டி ஃபில்டருக்குள் வையுங்கள். கல் சுண்ணாம்புதானா என்று தெரிந்துகொள்ள ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு.

பவளப்பாறைத் துண்டைப் போட்டாலும் இதே வேலை நடக்கும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுவார்கள். நம் கரையில் அது காலில் தட்டுப்படுகிற பொருள். எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. பவளம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரை ஒதுங்கிய செத்த துண்டு என்றாலும் வழக்கு வழக்குதான். கடற்கரை மணலையும் அள்ளிக்கொண்டு வந்து கொட்டாதீர்கள், உப்பும் சேர்ந்தே வரும். அலசிய ஆற்று மணல் போதும்.

படி 2: தீனி

மலாவி மீன்களில் பாறையை ஒட்டி வாழ்கிற கூட்டத்தை எம்புனா என்பார்கள். பெரும்பாலும் பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று வாழ்பவை, குடல் நீளமானது. புரதம் அதிகமானால் வயிறு ஊதி, தீனியை விட்டு, வெள்ளையாக நூல் போல் கழிந்து இறந்துவிடும். மலாவியின் இன்னொரு கூட்டமான பீகாக் வகைக்கோ புரதம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். அதோடு எம்புனாவின் அடாவடியைப் பீகாக் தாங்காது. ஒரு தொட்டியில் ஒரு கூட்டம் போதும். நிறம்தான் முக்கியம் என்றால் பீகாக் ஆண்களை மட்டும் வைத்துத் தனித் தொட்டி போடுங்கள், இதில் கலக்காதீர்கள்.

இன்னொன்று, கருவாட்டுக் கடையில் கூனிப்பொடி (காய்ந்த பொடி இறால், புரதம் அதிகம்) சல்லிசாகக் கிடைக்கிறதே என்று எம்புனாவுக்குத் தூவாதீர்கள். ஸ்பைருலினா பாசி கலந்த குருணைத் தீனிதான் தினப்படிக்கு. நடுவே வெந்நீரில் வாட்டிய கீரை, தோலுரித்த பச்சைப் பட்டாணி கொடுக்கலாம்.

படி 3: நிறமும் கோடும் (இங்கேதான் சறுக்கும்)

ஆண் சிக்லிட் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால், தன்னைப் போலவே நிறமும் கோடும் உள்ள இன்னோர் ஆணைத்தான் முதல் எதிரியாகப் பார்க்கும். அது வேறு இனமாக இருந்தாலும் சரி. மஞ்சளுக்கு மஞ்சள் ஆகாது. நீலத்தில் கறுப்புப் பட்டைக்கு நீலத்தில் கறுப்புப் பட்டை ஆகாது.

கேட்கச் சுலபம். ஆனால் கடையில் விற்பது ஒன்றரை அங்குலக் குஞ்சு. வளரும்போது நிறம் மாறும். கென்யிக் குஞ்சு எல்லாமே பட்டை போட்ட நீலம். பெண் அப்படியே இருக்கும், ஆண் வளர்ந்து மஞ்சளாகிவிடும். "நீலம் ஒன்று, மஞ்சள் ஒன்று" என்று கென்யியையும் எல்லோ லேபையும் சேர்த்து வாங்கினால், சில மாதத்தில் இரண்டு மஞ்சள் நிற்கும். அடி வாங்குவது லேப்தான். சாலோசி நேர் எதிர்: குஞ்சில் மஞ்சள், ஆண் வளர்ந்ததும் நீலத்தில் கறுப்புப் பட்டை. பிறகு அது, அதே நிறமும் பட்டையும் உள்ள டெமசோனியோடு மல்லுக்கு நிற்கும். ஆரட்டஸ் குஞ்சு மஞ்சளில் கறுப்புக் கோடு போட்டுத் தொட்டியிலேயே அழகாக இருக்கும். ஆண் கறுத்ததும் நாலடித் தொட்டி முழுவதும் தன்னுடையது என்று முடிவு செய்துவிடும். தொடங்குகிறவர்கள் கென்யி, ஆரட்டஸ் இரண்டையும் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே குஞ்சைப் பார்த்து வாங்காதீர்கள், பெயரைக் கேட்டு வாங்குங்கள். அந்த இனத்தின் வளர்ந்த ஆண், வளர்ந்த பெண் இரண்டின் படத்தையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். "அண்ணே, எல்லாம் ஆப்பிரிக்கன்தான், கலந்து எடுத்துக்கோங்க" என்று ஒரு தொட்டியைக் காட்டினால் அதை விட்டுவிடுங்கள். அதில் பாதி கலப்பினமாக இருக்கும், வளர்ந்தால் எந்த நிறம் வரும் என்று விற்கிறவருக்கே தெரியாது.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 250 லிட்டர் தொட்டிக்கு நான் சொல்வது: எல்லோ லேப் 6, ரஸ்டி 6, சோகலோஃபி 6. ஒன்று மஞ்சள், ஒன்று ஊதா கலந்த பழுப்பு, ஒன்று வெளிர் நீலம். மூன்றும் எம்புனாவில் கொஞ்சம் நிதானமானவை. வளர்ந்த பிறகு இனத்துக்கு ஓர் ஆண், மூன்று நான்கு பெண் என்று நிறுத்திக்கொண்டு மிச்ச ஆண்களைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். பின் துடுப்பில் முட்டைப் புள்ளி இருந்தால் ஆண் என்பார்கள், பெண்ணுக்கும் அது இருக்கும். அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

பதினெட்டு மீனா என்று மலைக்க வேண்டாம். நாலைந்து மீன் இருந்தால் முரடன் ஒன்றையே குறிவைத்துத் துரத்திக் கொல்லும். கூட்டமாக இருந்தால் அடி எல்லோருக்கும் பங்காகும். ஆனால் கூட்டம் கூடினால் அம்மோனியாவும் கூடும். பி.எச். உயரும்போதும் தண்ணீர் சூடாகும்போதும் அதே அம்மோனியாவின் விஷம் ஏறும். நமக்கு இரண்டும் உண்டு. தொட்டி அளவுக்குப் பரிந்துரைப்பதைப் போல் இரண்டு பங்கு ஃபில்டர் போடுங்கள். வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறவர்கள் இதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். மாற்றிய தண்ணீரை வாழைக்கு ஊற்றிவிடலாம், வீணாகாது.

படி 4: சிக்லிட் அல்லாத துணை

சினோடான்டிஸ் கெளிறு நல்ல துணை. பகலில் பாறை இடுக்கில் கிடக்கும், ராத்திரி வெளியே வரும், தோலும் தடிப்பு. வலை போட்டுப் பிடிக்காதீர்கள். முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள் வலையில் மாட்டிக்கொண்டால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு எடுங்கள். டாங்கனிக்கா ஏரியின் குயில் கெளிறு இதே குடும்பம்தான். சிக்லிட் முட்டையிட்டு வாயில் அள்ளும் நேரம் பார்த்துத் தன் முட்டையையும் போட்டுவிடும். தாய் மீன் அதையும் சேர்த்து வாயில் காக்கும். பொரித்த கெளிற்றுக் குஞ்சு, கூட இருக்கும் சிக்லிட் குஞ்சுகளைத் தின்று வளரும். குஞ்சு எடுக்க ஆசைப்படுகிறவர்கள் அதை வாங்காதீர்கள்.

பாசியைத் தின்ன பிரிஸ்டில்நோஸ் ப்ளெக்கோ என்ற கெளிறு போதும். ஏஞ்சல், டிஸ்கஸ், கிளவுன் லோச் மென்தண்ணீர் மீன்கள். ஆஸ்கரும் ஃபிளவர்ஹார்னும் சிக்லிட்தான், ஆனால் அமெரிக்க வழி, வேறு தீனி, வேறு அளவு. கப்பி, டெட்ரா போன்ற பொடி மீன்களை விட்டால் அது தீனிச் செலவு.

படி 5: விடுகிற நாள்

கல்லை முதலில் கண்ணாடி மேல் மெல்லிய ஃபோம் விரித்து அடுக்குங்கள், அப்புறம் மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும். கருங்கல் நல்லது. குகை நிறைய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசலாவது இருக்கட்டும், மாட்டிக்கொண்ட மீன் தப்பிக்க.

முடிந்தவரை எல்லா மீனையும் ஒரே நாளில் விடுங்கள். முதலில் வந்தது இடம் பிடித்துவிட்டால் பின்னால் வருவது படாதபாடு படும். பிறகு சேர்க்கத்தான் வேண்டும் என்றால், கல்லைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கி, பழைய மீன்களுக்குத் தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டுப் புதியதை விடுங்கள்.

சென்னை கொளத்தூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ ராத்திரிப் பயணமாக வரும் பையில் அம்மோனியா சேர்ந்திருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி பி.எச். ஏறும், விஷமும் ஏறும். அதனால் பையை மூடியபடியே மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். பிறகு திறந்து, தாமதிக்காமல் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் வேண்டாம்.

முதல் வாரங்களில் மேல் மூலையை அடிக்கடி பாருங்கள். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு, மூக்கை மேலே தூக்கி, ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒரு மீன் அசையாமல் நின்றால் அதைத் துரத்துகிற ஆள் ஒருவன் உள்ளே இருக்கிறான். அடி வாங்கியதை எடுத்தால் அவன் அடுத்ததைப் பிடிப்பான், அடிக்கிறவனை எடுங்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் காய்கறிக் கூடையை மூடி போட்டுத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டு அவனை நாலைந்து நாள் அதில் வைத்தால், மற்றவை இடம் பிடித்துக்கொள்ளும்.

பிறகு சேர்த்தது

"கண்மாயில் பிடித்த ஜிலேபி (திலாப்பியா) குஞ்சை இதில் விடலாமா, அதுவும் ஆப்பிரிக்கன்தானே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆப்பிரிக்க சிக்லிட்தான், வாயில் குஞ்சு காப்பதும் உண்மை. 1952-ல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபியில் இலங்கையிலிருந்து வந்த பகுதி நம் மண்டபம் ஊரில்தான் இறங்கியது. ஆனால் அது வளர்கிற வேகத்துக்கு நாலடித் தொட்டி காணாது. அது எப்படிக் கண்மாய் கண்மாயாகப் பெருகியது என்பது நமக்குத் தெரியும் என்பதால் இதையும் சொல்கிறேன்: வேண்டாத சிக்லிட்டை ஊருணியில் விடாதீர்கள்.

சித்திரை வைகாசியில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது, மேலே மின்விசிறி வைத்தேன், இப்போது மீன்கள் சோர்கின்றன என்று இன்னொருவர் எழுதியிருந்தார். விசிறி வைத்தால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அவர் தொட்டியை உவராக்கியிருக்கிறார். வாரம் மாற்றுவதற்கு எந்தத் தண்ணீராக இருந்தாலும், ஆவியான அளவை நிரப்ப மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோதான். சூட்டில் ஆக்சிஜனும் குறையும் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள், கரண்ட் போகிற ராத்திரிக்கு ஆகும்.